இந்திய ரூபாயும் இலங்கை ரூபாயும்: மாற்று விகித வரலாறு

இந்திய ரூபாய்க்கும் இலங்கை ரூபாய்க்கும் இடையிலான மாற்று விகிதம் என்பது, ஓர் இந்திய ரூபாய்க்கு எத்தனை இலங்கை ரூபாய் கிடைக்கும் என்பதைக் காட்டும் அளவாகும். ஏறத்தாழ 94 ஆண்டுகள், அதாவது 1872 முதல் 1966 வரை, இந்த அளவு ஒன்றுக்கு ஒன்றாகவே இருந்தது. 1966 சூன் 6 அன்று இந்தியா தன் ரூபாயின் மதிப்பைக் குறைத்தபோது இரண்டும் முதன்முறையாகப் பிரிந்தன. அப்போது மதிப்பு மிகுந்து நின்றது இலங்கை ரூபாய். 1977 நவம்பரில் இலங்கை தன் நாணயத்தின் மதிப்பைக் குறைத்தபின் நிலைமை தலைகீழானது. 2022-ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது ஓர் இந்திய ரூபாய் நான்கரை இலங்கை ரூபாயையும் தாண்டியது.

இரண்டு நாணயங்களும் ஒரே வெள்ளி நாணயத்திலிருந்து பிறந்தவை. இன்றைய இடைவெளி சிறுகச் சிறுக மட்டும் ஏற்பட்டதன்று. அதன் பெரிய பாய்ச்சல்கள் ஒவ்வொன்றுக்கும் பின்னால், டாலர் தட்டுப்பாட்டை எப்படிச் சமாளிப்பது என்பது குறித்து இரு அரசுகளில் ஒன்று எடுத்த முடிவு இருக்கிறது. கடலின் இரு கரைகளிலும் உழைப்பும் சேமிப்பும் உறவும் கொண்டிருந்த தமிழர்களை, குறிப்பாக மலையகத் தோட்டத் தொழிலாளர்களை, இந்த முடிவுகள் நேரடியாகத் தொட்டன.

சொற்களும் கணக்கிடும் முறையும்

தமிழ்நாட்டில் "மாற்று விகிதம்" அல்லது "செலாவணி விகிதம்" என்று வழங்குவதை இலங்கைத் தமிழில் "நாணயமாற்று வீதம்" என்பர். இந்திய ரூபாயின் நூறில் ஒரு பங்கு பைசா. இலங்கை ரூபாயின் நூறில் ஒரு பங்கு சதம். ஒரு நாட்டு அரசு தன் நாணயத்தின் மதிப்பை அறிவிப்பின் மூலம் குறைப்பது மதிப்புக் குறைப்பு. சந்தையில் தானாகக் குறைவது மதிப்பிறக்கம்.

1966-க்குப் பிந்தைய காலத்தில் இந்த இரு நாணயங்களின் விகிதம் பெரும்பாலும் அமெரிக்க டாலரின் வழியாகவே பெறப்படுகிறது. ஒரு டாலருக்கு எத்தனை இலங்கை ரூபாய் என்பதை, ஒரு டாலருக்கு எத்தனை இந்திய ரூபாய் என்பதால் வகுத்தால், ஓர் இந்திய ரூபாய்க்கு உரிய இலங்கை ரூபாய் கிடைக்கும். இதற்குக் குறுக்கு விகிதம் என்று பெயர். எனவே இந்த விகிதம் மாறும்போது, எந்த நாட்டு நாணயம் டாலருக்கு எதிராக அசைந்தது என்று பார்த்தால்தான் காரணம் விளங்கும்.

ஒரே நாணயமாக இருந்த காலம் (1872–1949)

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கையில் பிரித்தானிய நாணயங்களும் இந்திய வெள்ளி ரூபாயும் சேர்ந்தே புழங்கின. காப்பித் தோட்டங்களுக்குச் சென்னை மாகாணத்திலிருந்து தொழிலாளர்கள் ஆண்டுதோறும் வந்து திரும்பினர். அவர்கள் ஊருக்கு எடுத்துச் செல்லக்கூடிய பணம் ரூபாயே. அரிசியும் துணியும் இந்தியாவிலிருந்து வந்ததால் வணிகர்களுக்கும் அதுவே வசதியாக இருந்தது. 1872 சனவரி 1 முதல் இந்திய ரூபாய் இலங்கையின் ஒரே சட்டப்பூர்வ நாணயமாயிற்று. பிரித்தானிய நாணயங்கள், ஒரு ரூபாய்க்கு 2 சில்லிங் 3 பென்சு என்ற கணக்கில் மாற்றப்பட்டன.

ஆனால் ஒரு வேறுபாடு தொடக்கத்திலேயே இருந்தது. இலங்கை ரூபாய் நூறு சதங்களாகப் பகுக்கப்பட்டது. இந்திய ரூபாயோ 1957 ஏப்ரல் 1 வரை 16 அணாக்களாகவே இருந்தது. ரூபாய் ஒன்றே ஆனாலும், அதன் கீழ்ச் சில்லறை வேறு. தோட்டத்தில் சதத்தில் எண்ணிய கூலி, ஊர்ச் சந்தையில் அணாவில் எண்ணப்பட்டது. ஓர் அணா என்பது ஆறேகால் சதம்.

1884-இல் இலங்கையில் நோட்டு வெளியிட்டுவந்த ஓரியண்டல் வங்கி முறிந்தது. அதன் நோட்டுகளை வைத்திருந்தவர்களிடையே பெரும் கலக்கம் ஏற்பட்டது. இதையடுத்து அதே ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தின்படி நாணய வாரியம் அமைக்கப்பட்டு, அரசே நோட்டு வெளியிடத் தொடங்கியது. வாரியத்தின் நோட்டை இந்திய ரூபாய் நாணயமாக மாற்றிக்கொள்ள முடியும். வாரியம் தன் விருப்பப்படி பணம் அச்சிட முடியாது; கையிருப்பு எவ்வளவோ அதற்கேற்பவே வெளியிட முடியும். ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தைத் தாங்கிய தூண் இதுவே.

இந்த ஏற்பாட்டின் விளைவாக, இந்திய ரூபாய்க்கு நேர்ந்ததெல்லாம் இலங்கைக்கும் நேர்ந்தது. உலகச் சந்தையில் வெள்ளி விலை வீழ்ந்தபோது ரூபாயும் வீழ்ந்து, 1890-களின் நடுவில் சுமார் 1 சில்லிங் 1 பென்சு அளவுக்கு வந்தது. தேயிலையைப் பவுனுக்கு விற்றுக் கூலியை ரூபாயில் கொடுத்த தோட்ட முதலாளிகளுக்கு இந்த வீழ்ச்சி ஆதாயமாக இருந்தது. 1893-இல் இந்திய அரசு தன் நாணயச் சாலைகளில் தனியாரின் வெள்ளியை நாணயமாக்கித் தருவதை நிறுத்தியது. அதன்பின் ரூபாய் 1 சில்லிங் 4 பென்சு என நிலைபெற்றது. 1927-இல் அது 1 சில்லிங் 6 பென்சு என உயர்த்தி நிறுத்தப்பட்டது. இம்முடிவுகள் இலங்கைக்காக எடுக்கப்பட்டவை அல்ல. ஆயினும் அங்கேயும் அவை அப்படியே நடைமுறைக்கு வந்தன.

மத்திய வங்கியும் சம மதிப்பும் (1949–1966)

1949 செப்டம்பரில் பிரித்தானியா பவுனின் மதிப்பை 30.5 விழுக்காடு குறைத்தது. இந்தியாவும் இலங்கையும் அதே அளவு குறைத்தன. ஒரு டாலர் சுமார் 3.31 ரூபாயிலிருந்து 4.76 ரூபாயாயிற்று. பாகிசுத்தான் மட்டும் குறைக்க மறுத்தது. அதனால் 100 பாகிசுத்தான் ரூபாய்க்கு 144 இந்திய ரூபாய் என்ற நிலை தோன்றி, இரு நாட்டு வணிகம் முடங்கியது. 1955-இல் பாகிசுத்தானும் குறைத்த பின்னரே அங்கே சமநிலை திரும்பியது. இந்திய ரூபாயிலிருந்து கிளைத்த ஒரு நாணயம் தனி வழி சென்றால் என்ன ஆகும் என்பதற்கு இது முன்னோட்டம்.

1949-ஆம் ஆண்டின் 58-ஆம் இலக்க நாணய விதிச் சட்டத்தின்படி இலங்கை மத்திய வங்கி உருவாகி, 1950 ஆகத்து 28 அன்று செயல்படத் தொடங்கியது. அமெரிக்கரான சான் எக்சுடர் அதன் முதல் ஆளுநர். இலங்கை ரூபாயின் மதிப்பு 2.88 கிரெய்ன் தூய தங்கம் என வரையறுக்கப்பட்டது. இந்திய ரூபாயின் தங்க மதிப்பும் அதுவே. எனவே விகிதம் ஒன்றுக்கு ஒன்றாகவே தொடர்ந்தது. ஆனால் அடிப்படை மாறிவிட்டது. முன்பு இலங்கை நோட்டு என்பது இந்திய ரூபாய்க்கான சீட்டுப் போன்றது. இப்போது அது தனி நாணயம். இரண்டும் ஒரே எடைத் தங்கத்தைச் சுட்டியதால்தான் சமமாக நின்றன. எந்த ஒரு நாடும் தன் எண்ணை மாற்றினால் சமநிலை போய்விடும்.

இதே காலத்தில் பணத்தை நாட்டுக்கு வெளியே அனுப்புவது கட்டுப்பாட்டுக்கு உள்ளாயிற்று. இலங்கையில் 1953-ஆம் ஆண்டின் செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டமும், இந்தியாவில் 1947-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டமும் இதற்கு வழிவகுத்தன. விகிதம் சமமாக இருந்தாலும், அந்த விகிதத்தில் மாற்ற அனுமதி வேண்டியிருந்தது.

1966: முதல் பிரிவு

1965-ஆம் ஆண்டுப் போர், தொடர்ந்த வறட்சி, உணவு இறக்குமதி, அந்நிய உதவி நிறுத்தம் ஆகியவை இந்தியாவின் செலாவணிக் கையிருப்பை வற்றச்செய்தன. 1966 சூன் 6 அன்று இந்திரா காந்தி அரசு ரூபாயின் மதிப்பை 36.5 விழுக்காடு குறைத்தது. ஒரு டாலர் 4.76 ரூபாயிலிருந்து 7.50 ரூபாயாயிற்று.

அதுவரை இந்தியாவையே சார்ந்திருந்த வளைகுடாப் பகுதிகள் பல இந்த முடிவுக்குப்பின் தங்களுக்கெனத் தனி நாணய ஏற்பாட்டை நாடின. இலங்கைக்குத் தனி நாணயம் ஏற்கெனவே இருந்தது. அது தன் 4.76 விகிதத்தை மாற்றவில்லை. விளைவாக ஓர் இலங்கை ரூபாய், ஒரே இரவில் சுமார் 1.58 இந்திய ரூபாய்க்குச் சமமாயிற்று. வேறுவிதமாகச் சொன்னால், ஓர் இந்திய ரூபாய்க்கு 63 சதம் மட்டுமே.

1967–1977: ஒரு நாணயம், இரண்டு விகிதங்கள்

இந்த உயர்நிலை நீடிக்கவில்லை. 1967 நவம்பரில் பிரித்தானியா பவுனின் மதிப்பை மீண்டும் குறைத்ததும் இலங்கை 20 விழுக்காடு குறைத்தது. ஒரு டாலர் 5.95 இலங்கை ரூபாயாயிற்று. இம்முறை இந்தியா மாற்றவில்லை. ஓர் இலங்கை ரூபாய் சுமார் 1.26 இந்திய ரூபாய் என்றானது.

1968 மே மாதத்தில் இலங்கை அரசு அந்நியச் செலாவணி உரிமைச் சான்றிதழ் திட்டத்தைக் கொண்டுவந்தது. அரிசி, மாவு, மருந்து போன்ற இன்றியமையாப் பொருள்களுக்கு 5.95 என்ற பழைய விகிதமே பொருந்தும். பிற இறக்குமதிகளுக்கும் பல வகைப் பணப் பரிமாற்றங்களுக்கும், டாலரின் விலைக்கு மேல் 44 விழுக்காடு கூடுதலாகக் கொடுத்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். இக்கூடுதல் தொகை பின்னர் 55 விழுக்காடாகவும் 1972-இல் 65 விழுக்காடாகவும் உயர்ந்தது.

இதனால் இலங்கை ரூபாய்க்கு ஒரே நேரத்தில் இரண்டு மதிப்புகள் இருந்தன. 1968 மே மாத நிலவரப்படி, அதிகாரப்பூர்வ விகிதத்தில் ஓர் இந்திய ரூபாய் 79 சதம். சான்றிதழ் விகிதத்தில் டாலர் 8.57 இலங்கை ரூபாய் என்பதால், அதே இந்திய ரூபாய் 1 ரூபாய் 14 சதம். வரலாற்றுப் பட்டியல்களில் பெரும்பாலும் முதல் எண்ணே இடம்பெறுகிறது. அதை மட்டும் பார்த்தால் 1977 வரை இலங்கை ரூபாயே வலிமையானது என்று தோன்றும். சான்றிதழ் விகிதத்தில் பார்த்தால் 1968-லேயே இந்திய ரூபாய் அதை முந்திவிட்டது.

இதே காலத்தில் உலக நாணய ஒழுங்கும் குலைந்தது. 1971-இல் டாலருக்கும் தங்கத்துக்கும் இருந்த தொடர்பு அறுந்தது. இந்திய ரூபாய் சிலகாலம் பவுனையும், 1975 செப்டம்பர் முதல் பல நாணயங்களின் தொகுப்பையும் சார்ந்து நின்றது. 1972 மே 22 அன்று சிலோன் என்ற பெயர் நீங்கிச் சிறீலங்கா குடியரசு ஆனதும், நாணயத்தின் ஆங்கிலப் பெயரும் மாறியது. 1976-இல் அதிகாரப்பூர்வ விகிதம் மீண்டும் ஏறத்தாழ ஒன்றுக்கு ஒன்றை நெருங்கியது. அந்த ஆண்டின் சராசரியில் டாலர் இலங்கையில் சுமார் 8.41, இந்தியாவில் சுமார் 8.96.

1977: தலைகீழ் மாற்றம்

1977 சூலைத் தேர்தலில் செ. ஆர். செயவர்தனா தலைமையிலான ஐக்கிய தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்தது. நவம்பரில், நிதியமைச்சர் ரொனி டி மெல்லின் வரவுசெலவுத் திட்டத்தோடு சான்றிதழ் முறை ஒழிக்கப்பட்டது. இரண்டு விகிதங்களும் ஒன்றாக்கப்பட்டு, ஒரு டாலர் 16 இலங்கை ரூபாய் எனத் தொடங்கியது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் பெரும்பாலும் தளர்த்தப்பட்டன.

1978-ஆம் ஆண்டின் சராசரியில் ஓர் இந்திய ரூபாய்க்கு ஏறத்தாழ 1.91 இலங்கை ரூபாய். காகிதத்தில் இது ஒரே அடியில் பாதியாகக் குறைந்ததைப் போலத் தெரியும். ஆனால் 1976-இல் 65 விழுக்காட்டுக் கூடுதலைச் சேர்த்தால் சான்றிதழ் விகிதத்தில் டாலர் ஏற்கெனவே சுமார் 13.90 இலங்கை ரூபாய். அந்தக் கணக்கில் ஓர் இந்திய ரூபாய் 1.55 இலங்கை ரூபாய். ஆகவே 1977-இன் அறிவிப்பு, மறைந்திருந்த வீழ்ச்சியின் பெரும்பகுதியை வெளியே காட்டியது; மீதிப் பகுதியைப் புதிதாகச் சேர்த்தது.

தாயகம் திரும்பியோரும் நாலாயிரம் ரூபாயும்

விகித மாற்றங்கள் சாதாரண மக்களை எப்படித் தொட்டன என்பதை 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா–சாத்திரி ஒப்பந்தத்தின் ஒரு விதியைக் கொண்டு விளக்கலாம். இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது என்று ஒப்பந்தம் வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்வதென 1974-இல் உடன்பாடு ஏற்பட்டது. இந்தியா செல்வோர் சேமலாப நிதி, பணிக்கொடை உள்ளிட்ட உடைமைகளைக் கொண்டுசெல்லலாம் என்றும், ஒரு குடும்பம் கொண்டுசெல்லக்கூடிய உச்ச வரம்பு 4,000 ரூபாய்க்குக் கீழே குறைக்கப்படாது என்றும் அதில் கூறப்பட்டது.

ஒப்பந்தம் எழுதப்பட்டபோது எந்த ரூபாய் என்ற கேள்வி பெரிதாக எழ வேண்டியதில்லை, இரண்டும் ஒன்றே. அடுத்த ஆண்டுகளில் அந்த 4,000 இலங்கை ரூபாயின் இந்திய மதிப்பு, அதிகாரப்பூர்வ விகிதத்தில் கணக்கிட்டால், கீழ்க்கண்டவாறு மாறியது:

1964 அக்டோபர்: 4,000 இந்திய ரூபாய்
1966 சூன் 6-க்குப் பின்: சுமார் 6,300
1967 நவம்பருக்குப் பின்: சுமார் 5,040
1976 (ஆண்டுச் சராசரி): சுமார் 4,260
1978 (ஆண்டுச் சராசரி): சுமார் 2,100
1985 (ஆண்டுச் சராசரி): சுமார் 1,820

சான்றிதழ் வாங்க வேண்டிய பரிமாற்றமாக இருந்தால், 1968–77 காலத்தில் கையில் கிடைக்கும் தொகை இதைவிடவும் குறையும். விலைவாசி உயர்வை இதில் சேர்க்கவில்லை. அதையும் கருதினால் 1985-இன் 1,820 ரூபாய், 1964-இன் 4,000 ரூபாயோடு ஒப்பிட முடியாத அளவுக்குச் சிறியது.

இலங்கை ரூபாயின் மதிப்பு மிக உயர்ந்திருந்த 1966–67-இல் பெரிய அளவில் குடிபெயர்வு நடக்கவில்லை. ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்தும் இலங்கைச் சட்டமே 1967-இல்தான் வந்தது. விண்ணப்பம், கடவுச்சீட்டு, விசா, சேமலாப நிதிக் கணக்கு முடித்தல் என ஒவ்வொரு கட்டமும் காலம் எடுத்தது. தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பலேறியவர்கள் பெரும்பாலும் 1968-க்கும் 1984-க்கும் இடையே வந்தவர்கள். ஒரே தோட்டத்தில், ஒரே கூலியில், ஒரே அளவு சேர்த்த இரு குடும்பங்களுள் ஒன்று 1976-இலும் மற்றொன்று 1978-இலும் புறப்பட்டிருந்தால், இந்தியாவில் இறங்கும்போது இரண்டாவது குடும்பத்தின் கையில் முதல் குடும்பத்தினுடையதில் பாதியே இருக்கும். புறப்படும் நாளை முடிவு செய்தது பெரும்பாலும் அலுவலகக் கோப்பு, அக்குடும்பம் அன்று. திரும்பியோர் பின்னர் நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்களிலும் தமிழ்நாட்டின் பிற மறுவாழ்வுத் திட்டங்களிலும் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது.

1978–2000: இரு வீழ்ச்சிகளின் போட்டி

1980-களில் இலங்கை ரூபாய் தொடர்ந்து இறங்கியது. பணவீக்கம், பெரும் திட்டங்களுக்கான செலவு, 1983-க்குப்பின் உள்நாட்டுப் போர் ஆகியவை அழுத்தம் தந்தன. ஆனால் இந்திய ரூபாயும் அதே காலத்தில் இறங்கியதால், குறுக்கு விகிதம் பெரிதாக மாறவில்லை. 1985-இல் சுமார் 2.20, 1990-இல் சுமார் 2.29.

1991-இல் இந்தியா செலாவணி நெருக்கடியைச் சந்தித்தது. ஓரிரு வார இறக்குமதிக்குப் போதுமான கையிருப்பே எஞ்சியபோது, ரிசர்வ் வங்கி ஏறத்தாழ 47 டன் தங்கத்தை வெளிநாட்டுக்கு அனுப்பி அடகு வைத்தது. சூலை 1, 3 ஆகிய நாள்களில் இரு தவணையாக ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. 1993 மார்ச்சில் சந்தை நிர்ணயிக்கும் விகிதத்துக்கு இந்தியா மாறியது. இதனால் 1993-இல் ஓர் இந்திய ரூபாய் 1.58 இலங்கை ரூபாயாகச் சரிந்தது. 1977-க்குப் பிந்தைய காலத்தில் இலங்கை ரூபாய் இழந்ததில் ஒரு பகுதியை மீட்டது இப்போதுதான். அதுவும் தன் வலிமையால் அன்று. இந்திய ரூபாய் வேகமாக இறங்கியதால்.

1998 டிசம்பர் 28 அன்று இரு நாடுகளும் தடையற்ற வணிக உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. 2000 மார்ச்சில் அது நடைமுறைக்கு வந்தபின் இந்தியப் பொருள்கள் இலங்கைச் சந்தையில் பெருகின. விகிதம் இலங்கைக் கடைவிலையைத் தொடும் வழி இன்னும் அகலமாயிற்று.

2001–2021: மிதக்கும் விகிதம்

2001 சனவரி 23 அன்று இலங்கை மத்திய வங்கி ரூபாயைச் சந்தையில் மிதக்கவிட்டது. ஆயினும் மத்திய வங்கி அவ்வப்போது டாலரை விற்று விகிதத்தைத் தாங்கி நிறுத்துவதும், கையிருப்பு குறைந்ததும் கைவிடுவதும் தொடர்ந்தன. 2012-இல் இவ்வாறு சில மாதங்களில் டாலர் 110-லிருந்து 130 ரூபாய்ப் பக்கம் ஏறியது.

இந்தியாவில் தகவல் தொழில்நுட்ப ஏற்றுமதியும் அந்நிய முதலீடும் வளர்ந்ததால் 2003–2007-இல் ரூபாய் ஓரளவு வலுவடைந்தது. விகிதம் மீண்டும் 2.5-ஐ நோக்கி நகர்ந்தது. ஆண்டுச் சராசரிகளின்படி சில எண்கள் (முதலில் டாலருக்கு இலங்கை ரூபாய், பிறகு டாலருக்கு இந்திய ரூபாய், இறுதியில் ஓர் இந்திய ரூபாய்க்கு இலங்கை ரூபாய், அனைத்தும் தோராயம்):

1970: 5.95 – 7.50 – 0.79
1978: 15.6 – 8.2 – 1.91
1990: 40.1 – 17.5 – 2.29
1993: 48.3 – 30.5 – 1.58
2000: 77.0 – 44.9 – 1.71
2010: 113.1 – 45.7 – 2.47
2019: 178.7 – 70.4 – 2.54
2021: 198.8 – 73.9 – 2.69

ஐம்பது ஆண்டுகளில் இந்திய ரூபாயும் டாலருக்கு எதிராக ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கிறது என்பதை இப்பட்டியல் காட்டுகிறது. இலங்கை ரூபாய் அதைவிட வேகமாகச் சுருங்கியதே இடைவெளிக்குக் காரணம்.

2022: நெருக்கடி

2019 இறுதியில் செய்யப்பட்ட வரிக் குறைப்பு, கொரோனாவால் சுற்றுலா முடங்கியது, திருப்பிச் செலுத்த வேண்டிய வெளிநாட்டுக் கடன் ஆகியவை சேர்ந்து இலங்கையின் டாலர் கையிருப்பைத் தீர்த்தன. அப்படியிருந்தும் 2021 செப்டம்பர் முதல் டாலர் சுமார் 200 ரூபாயில் நிறுத்திவைக்கப்பட்டது. வங்கிக்கு வெளியே அதற்கு மிகக் கூடுதலான விலை கிடைத்ததால், வெளிநாட்டில் உழைப்போர் பலர் வங்கியைத் தவிர்த்து "உண்டியல்" வழியே பணம் அனுப்பினர். வங்கி வழியாக வந்த தொகை 2020-இல் சுமார் 710 கோடி டாலராக இருந்தது. 2021-இல் சுமார் 550 கோடி டாலராகக் குறைந்தது. 1968–77-இல் சட்டமே இரண்டு விகிதங்களை வைத்திருந்தது. இப்போது சட்டம் ஒன்றையும் சந்தை மற்றொன்றையும் வைத்திருந்தன.

2022 மார்ச் 7 அன்று மத்திய வங்கி பிடியைத் தளர்த்தியது. மே மாதத்துக்குள் டாலர் சுமார் 360 ரூபாயை எட்டியது. ஓர் இந்திய ரூபாய் சுமார் 2.65-லிருந்து 4.65 இலங்கை ரூபாய் வரை சென்றது. ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்துவதாக இலங்கை அறிவித்தது. செப்டம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 விழுக்காட்டை ஒட்டி உச்சம் தொட்டது. மார்ச் முதல் மன்னார், யாழ்ப்பாணப் பகுதிகளிலிருந்து குடும்பங்கள் படகுகளில் தனுசுக்கோடிக் கரைக்கு வரத் தொடங்கின. அவர்களின் சேமிப்பும், 1978-இல் கப்பலேறியவர்களுடையதைப் போலவே, புறப்பட்ட மாதத்தைப் பொறுத்தே மதிப்புப் பெற்றது.

இந்தியா இவ்வாண்டில் கடன், எரிபொருள், உணவு, மருந்து என ஏறத்தாழ 400 கோடி டாலர் அளவுக்கு உதவியது. இதில் ரிசர்வ் வங்கி சனவரியில் வழங்கிய 40 கோடி டாலர் நாணய இடமாற்று வசதியும் அடங்கும். 2023 மார்ச் 20 அன்று பன்னாட்டு நாணய நிதியம் சுமார் 300 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் தந்தது. அதன்பின் இலங்கை ரூபாய் ஓரளவு மீண்டது. 2024 இறுதியில் ஓர் இந்திய ரூபாய் சுமார் 3.4 இலங்கை ரூபாயாக இருந்தது.

நடைமுறையில் விகிதம்

செய்திகளில் வரும் குறுக்கு விகிதம், பணம் மாற்றுபவரின் கைக்கு முழுமையாகக் கிடைப்பதில்லை. எடுத்துக்காட்டாக, விருத்தாசலத்தை அடுத்த மங்கலம்பேட்டையிலிருந்து கொழும்புக்குச் செல்லும் ஒருவர் 10,000 ரூபாயை மாற்றுகிறார் எனக் கொள்வோம். சந்தையில் டாலர் 85 இந்திய ரூபாய் என்றும் 300 இலங்கை ரூபாய் என்றும் இருந்தால், அவருக்குச் சுமார் 35,290 இலங்கை ரூபாய் வர வேண்டும். ஆனால் இங்கே டாலரை 87 ரூபாய் வீதம் வாங்கி, அங்கே 296 ரூபாய் வீதம் விற்றால் கிடைப்பது சுமார் 34,020 மட்டுமே. இரண்டு முறை மாற்றியதற்கான விலை 1,270 ரூபாய்.

இந்த இடைச்செலவைக் குறைக்க இரு நாடுகளும் முயன்றுவருகின்றன. 1974-இல் தெகரானில் நிறுவப்பட்ட ஆசியத் தீர்வு ஒன்றியத்தின் வழியாக இரு நாட்டு வணிகக் கணக்குகள் நீண்டகாலம் டாலர் அளவிலேயே நேர்செய்யப்பட்டன. 2022 சூலையில் ரிசர்வ் வங்கி இலங்கையுடனான வணிகத்தை அந்த ஏற்பாட்டுக்கு வெளியிலும் தீர்க்க அனுமதித்தது. அதே மாதம் இந்திய ரூபாயிலேயே வெளிநாட்டு வணிகம் செய்யும் முறையையும் அறிவித்தது. 2024 பிப்ரவரி முதல் இந்தியப் பயணிகள் இலங்கையில் யு.பி.ஐ. மூலம் பணம் செலுத்த முடிகிறது.

தவறான புரிதல்கள்

ஓர் இந்திய ரூபாய்க்கு மூன்றுக்கு மேற்பட்ட இலங்கை ரூபாய் கிடைப்பதால் இந்தியர்கள் இலங்கையரைவிட அத்தனை மடங்கு வசதியானவர்கள் என்று கருதுவது தவறு. தலா வருமானத்தில் நெருக்கடிக்குப் பின்னரும் இலங்கை இந்தியாவைவிட முன்னே உள்ளது. நாணயத்தின் அலகு சிறியதா பெரியதா என்பது வளத்தைக் காட்டாது. சப்பானிய யென்னின் அலகு இந்திய ரூபாயைவிடச் சிறியது.

நிலையான விகிதமே நல்லது என்பதும் முழு உண்மை அன்று. நேபாள ரூபாய் 1993 முதல் 100 இந்திய ரூபாய்க்கு 160 என்ற அளவில் மாறாமல் இருக்கிறது. அதற்கேற்ப நேபாளம் தன் பணக் கொள்கையை இந்தியாவோடு ஒட்டியே நடத்த வேண்டியுள்ளது. இலங்கையின் 1968, 2021 அனுபவங்கள் வேறொன்றைக் காட்டுகின்றன. தாங்குவதற்குக் கையிருப்பு இல்லாதபோது ஒரு விகிதத்தை அறிவிப்பால் மட்டும் நிறுத்திவைத்தால், இரண்டாவது விகிதம் ஒன்று உருவாகிவிடுகிறது. பின்னர் இரண்டும் ஒன்றாகும் நாளில், வேறு வழியின்றி அந்த நாணயத்தில் சேமித்து வைத்திருந்தவர்களே இழப்பை ஏற்கின்றனர்.